கடைமடைக் கோயிலின் சாவி



முதலில் ஒரு மன்னிப்பு. ஆறரை மணிப் பூசைக்கு ஏழேகாலுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். வாய்க்கால் கரைச் சாலையில் உரமூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று சக்கரம் இறங்கிக் குறுக்கே கிடந்தது. போனில் சொல்லலாம் என்றால் சிக்னல் இல்லை. நீங்கள் எல்லாரும் வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று பதறிக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்புகள்தான் இருந்தன. உள்ளே செபமாலை நான்காம் தேவ இரகசியத்தில் போய்க்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு ஒரு சிறுமி மட்டும் திரும்பினாள். சாமியார்தான் என்று பார்த்துக்கொண்டாள். விட்ட இடத்தில் அருள் நிறை மந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். நான் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள் என்று பழகிப்போனவன். பிறகு பின்னால் பாயில் உட்கார்ந்து மிச்ச மணிகளை உங்களோடு சேர்ந்து முடித்தேன். பீடத்துக்கு முதுகு காட்டாமல் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று அப்போது தோன்றியது.

இந்த வாரம்தான் ஆடிப்பெருக்கு போனது. பங்குக் குருக்களின் பாதுகாவலரான வியான்னியாரின் திருநாளும் இதே வாரத்தில்தான். வியான்னியாரைப் பற்றிப் பேசினால் என்னைப் பற்றிப் பேசியதாகிவிடும். அதனால் ஆடிப்பெருக்கை எடுத்துக்கொண்டேன். முதல் வாசகமாகத் திருத்தூதர் பணிகள் பதினாறாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

கேட்டீர்கள் அல்லவா? பவுல் கடல் கடந்து பிலிப்பி நகருக்கு வருகிறார். ஓய்வுநாள் வருகிறது. அந்த ஊரில் தொழுகைக்கூடம் இருந்ததாகத் தெரியவில்லை. யூத மரபில் தொழுகைக்குப் பத்து ஆண்களாவது வேண்டும். பிலிப்பியில் பத்துப் பேர் தேறவில்லை போலும். அதற்காகப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஊர் வாசலைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போய் அங்கே கூடிச் செபித்துக்கொண்டிருந்தார்கள். பவுல் தேடிக்கொண்டு போனது அந்தக் கரைக்குத்தான். போனவர் நின்றுகொண்டு பிரசங்கம் பண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள். உட்கார்ந்தார்; உட்கார்ந்து அந்தப் பெண்களிடம் பேசினார். அவர்களில் லீதியா என்று ஒருத்தி, செந்நிறத் துணி வியாபாரி. அவள் ஞானஸ்நானம் பெற்று, வற்புறுத்தி அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஐரோப்பாவில் பவுல் அமைத்ததாக நாம் படிக்கிற முதல் சபை அந்த வீட்டுச் சபைதான்.

திருவையாற்றுப் படித்துறையில் இந்த வாரம் எத்தனை பெண்கள் நின்றார்கள்! காப்பரிசி, காதோலை கருகமணி, புது மஞ்சள் கயிறு என்று ஆற்றுக்குப் படையல். அது நம் சடங்கு இல்லை என்று நாம் ஒதுங்கிக்கொள்வோம், சரி. ஆனால் ஆற்றங்கரைக்குப் போக யாரும் அந்தப் பெண்களுக்கு உத்தரவு கொடுக்கவில்லை. தண்ணீர் வந்தது, போனார்கள். பிலிப்பிப் பெண்களும் அப்படித்தான் போயிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். திருச்சபை அங்கே பவுலுக்கு முன்பே காத்திருந்தது. பவுல் வந்து பெயர் வைத்தார்.

போன மாதம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார், "நாங்க என்ன சாமி, கிளைக்கோயில்தானே. பெரிய கோயில்லதான் எல்லாம்." அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12-இல் மதகைத் தூக்கினால், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிற தண்ணீர் இந்த வயலுக்கு எப்போது வரும் என்று உங்களைக் கேட்டால்தான் தெரியும். 2024-இல் திறந்ததே ஜூலை 28-இல்தான். தலைமடையில் நாற்றுப் பறிக்கும்போது இங்கே பாளம் பாளமாக நிலம் வெடித்திருக்கும். பூசையும் அப்படியே. பங்குக் கோயிலில் தினமும் திருப்பலி. உங்களுக்கு மாதத்தில் ஒரு முதல் வெள்ளி. அதுவும் டிராக்டர் குறுக்கே விழாவிட்டால்.

ஆனால் கடைமடைக்காரனுக்குத் தெரிந்த ஒரு வேலை தலைமடைக்காரனுக்கு அவ்வளவாகத் தெரியாது: வாய்க்கால் வாருவது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு ஓராள், கையில் மண்வெட்டி, கூழோ கஞ்சியோ வாய்க்கால் கரையிலேயே. தண்ணீர் நம் கையில் இல்லை. அது மேட்டூரில் இருக்கிறது, அதற்கும் மேலே குடகு மலையில் இருக்கிறது, மழையில் இருக்கிறது. வாய்க்கால் நம் கையில் இருக்கிறது. தூர்ந்த வாய்க்காலுக்கு மேட்டூரில் 120 அடி நிறைந்தும் பிரயோசனம் இல்லை. இப்போதெல்லாம் ஜேசிபி வந்து வாருகிறது, நாம் கரையில் நின்று பார்க்கிறோம். அது வேறு கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே நான் சொல்லாமல் வந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் ஒரு பெரியவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கோயிலில் விளக்கு எரிந்தது. பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே வந்தால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள், நடப்பது கெட்டுவிடும் என்று பயம்.

முதல் வாசகத்தின் நடுவில் கரண்ட் போனது. வாசித்துக்கொண்டிருந்தது பதினொன்றோ பன்னிரண்டோ படிக்கிற பெண். நிறுத்தவில்லை, மனப்பாடமாகத் தெரிந்த வரைக்கும் ஒரு வரி போனாள், பிறகு நின்றாள். யாரோ ஒரு பையன் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான். அவன் கை ஆடியதில் வெளிச்சம் புத்தகத்தை விட்டு அவள் முகத்துக்குப் போய்ப்போய் வந்தது. "ஒழுங்காப் புடிடா" என்று அவள் சொன்னது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. பிறகு வாசகத்தை முடித்தாள். உபதேசியார் எழுந்தார். அவருடைய கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மறையுரைப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் படித்தார். சில வார்த்தைகள் தடுக்கின. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மன்றாட்டு. பங்குக் கோயிலில் அச்சடித்த மன்றாட்டு வரும்: உலகத் தலைவர்களுக்காக, திருத்தந்தைக்காக, நோயாளிகளுக்காக. இங்கே ஒரு அம்மா எழுந்து, கொள்முதல் நிலையத்தில் ஒன்பது நாளாக நெல் கிடக்கிறது, மழை வராமல் இருக்க வேண்டும் என்றார். அடுத்தவர், அதே நேரத்தில் தாளடிப் பயிருக்கு ஒரு மழை வேண்டும் என்றார். ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் சொன்னீர்கள். ஆண்டவர் என்ன செய்வார் என்று எனக்கே தெரியவில்லை. இன்னொரு பெண், திருப்பூரில் வேலைக்குப் போன மகன் மூன்று வாரமாகப் போன் எடுக்கவில்லை என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மரத்தடியில் நின்றுகொண்டு நான் நினைத்தது இதுதான்: இந்தப் பங்கில் எனக்கு ஐந்து வருடம். இந்த மூன்று செய்தியில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனித்தேன். உபதேசியார் உட்கார்ந்திருந்தது பீடத்தில் இருக்கிற என் நாற்காலியில் இல்லை. கிராதிக்குக் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா தெரியாது. குரு இல்லாத ஞாயிறு வழிபாடு பற்றி உரோமை 1988-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் நடத்துகிற பொதுநிலையினர் சமமானவர்களுள் ஒருவராக இருக்க வேண்டும், குருவின் இருக்கையில் உட்காராமல் தனி நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. படித்தபோது, கௌரவம் பார்த்துக் கோடு கிழிக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. அந்த நீல நாற்காலியைப் பார்த்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த நாற்காலியும் நீங்கள் உட்கார்ந்திருக்கிற பாயும் ஒரே தரையில் இருக்கின்றன. பவுல் ஆற்றங்கரையில் உட்கார்ந்த உயரம் அதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் குருக்கள் பற்றாக்குறையால் வந்த புது ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மண்ணில் இதுதான் பழைய ஏற்பாடு.

கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில். அங்கே இருந்த வீரமாமுனிவரைத் தேம்பாவணிக்காரர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் 1720-களில் வேதியர் ஒழுக்கம் என்று ஒரு உரைநடை நூல் எழுதினார். வேதியர் என்றால் ஊருக்கு அந்தணர். முனிவர் அந்தச் சொல்லை எடுத்து நம் உபதேசியாருக்குப் பட்டமாகக் கட்டிவிட்டார். மனிதருக்குக் குறும்பும் உண்டு. எதற்காக எழுதினார்? ஒரு குரு எத்தனை ஊருக்கு நடப்பார்? படை போகிறது, பஞ்சம் வருகிறது, ஆறு பெருகுகிறது. குரு ஒரு ஊருக்கு ஒரு தரம் வந்துபோனால் மறுபடி வர எவ்வளவு நாளாகுமோ. நடுவில் மந்திரம் சொல்லிக்கொடுக்கிறது, நோயாளியைப் பார்க்கிறது, சாகிறவர் பக்கத்தில் இருக்கிறது, சண்டையைத் தீர்க்கிறது எல்லாம் உபதேசியார்தான். பிரசவம் பார்த்த பாட்டிமார் மூச்சுத் திணறுகிற பச்சைப் பிள்ளைக்குத் தாங்களே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அது செல்லும். இன்றைக்கும் செல்லும்.

பிறகு வந்தது பெரிய வறட்சி. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். அந்தச் சபையார் இங்கே நடத்திவந்த மதுரை மிஷன் ஆளில்லாமல் போயிற்று. மிஞ்சிய முதியவர்கள் சிலர், கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சிலர், அவ்வளவுதான். பிரெஞ்சு இயேசு சபையினர் திரும்பி வந்தது 1838-இல். ஏறக்குறைய அறுபத்தைந்து வருடம். ஒரு ஊரில் மூன்று தலைமுறை. அந்த மூன்று தலைமுறையில் எத்தனையோ ஊரில் கோயிலைப் பூட்டாமல் வைத்திருந்தது யார்? அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருந்தால் உங்கள் குடும்பப் பெயராகத்தான் இருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 1658-இல் டச்சுக்காரர்கள் நம் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அதே வருடம். கத்தோலிக்கக் குருக்கள் அங்கே இருக்கக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 1687-இல், கோவாவிலிருந்து ஒரு குரு கந்தல் துணியில் பிச்சைக்காரரைப்போல யாழ்ப்பாணம் போய் இறங்கினார். ஜோசப் வாஸ். 2015-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தாரே, அவர்தான். வெளியே சொன்னால் உயிர் போகும். எப்படிக் கத்தோலிக்கரைக் கண்டுபிடிப்பது? செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பிச்சைக்குப் போனாராம், யார் முகம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே. சில்லாலை போன்ற ஊர்களில் விசுவாசம் அப்படியே இருந்தது. அவர் அந்த ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியாரையும் வைத்து, நான் இல்லாதபோது நீங்கள் நடத்துங்கள் என்று விட்டுப்போனார். அண்ணாவி என்றால் சொல்லிக்கொடுக்கிறவர். வாஸ் அடிகளுக்குப் பின்னால் போன யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதியதுதான் வியாகுலப் பிரசங்கம்.

ஆமாம், நீங்கள் தவக்காலத்தில் ராகம் போட்டு அழுதுகொண்டே வாசிக்கிறீர்களே, அதே வியாகுலப் பிரசங்கம். குரு இல்லாத கோயிலிலும் மக்களே வாசித்து மனம் உருகத்தான் அது பயன்பட்டது. இந்த இடத்தில் என் பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

குருப்பட்டம் வாங்கிய புதிதில் வேறொரு ஊரில் இருந்தேன். பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் அங்கே வயதான பெண்கள் கூடி உட்கார்ந்து பிரசங்கத்தை ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்து வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் மார்பில் தட்டிக்கொண்டு அழுவார்கள். மணிக்கணக்கில் போகும். எனக்கு அது பழைய பஞ்சாங்கமாகத் தெரிந்தது. வத்திக்கான் சங்கப் போதனை, வழிபாட்டுச் சீர்திருத்தம் என்று செமினரியில் படித்ததெல்லாம் சூடாக இருந்த நேரம். நிறுத்துங்கள் என்றேன். அதற்குப் பதில் அச்சடித்த சிலுவைப்பாதைப் புத்தகம் முப்பது பிரதி வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க சாமி" என்றார்கள். அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு முப்பது புத்தகம் இருந்தது, வாசிக்க ஒன்பது பேர் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் பிரசங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான் கோயில்பிள்ளை. கோயிலுக்குள் வேண்டாம் என்று சொன்னேன், திண்ணையைச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வருடம் நானே போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி எனக்கு விசிறி கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

குரு இல்லாமல் விசுவாசத்தைக் காத்த இன்னொரு கதை ஜப்பானில்; நேரம் கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1614-இல் அங்கே கிறிஸ்தவத்துக்குத் தடை. 1644-க்குப் பிறகு நாட்டுக்குள் ஒரு குருவும் இல்லை. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா கோயிலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு பெண், பிரெஞ்சுக் குரு பெத்திஜானின் காதருகே வந்து, எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான் என்பதுபோலச் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். இருநூறு வருடத்துக்கு மேலாகக் குரு இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஞானஸ்நானம் மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. அதைக் கொடுக்க ஊருக்கு ஒருவரை வைத்திருந்தார்கள். விவசாயியோ மீன் பிடிக்கிறவரோ. அவருக்கு மிசுகத்தா என்று பெயர். தண்ணீர்க்காரர் என்று நாம் சொல்லலாம்.

தண்ணீர்க்காரர் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வரும்? மடை பார்க்கிறவர்தானே. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு வரப்பில் போவார். ஒரு மடையை வெட்டுவார், ஒரு மடையை அடைப்பார். அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் அவருடையது இல்லை, வயலும் அவருடையது இல்லை. முறை மட்டும் அவர் பொறுப்பு.

முறை என்றதும் அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். சங்கடமான விஷயம், அதனால்தான் சுற்றல்.

மடை பார்க்கிறவர் ஒரு பக்கத்து வயலுக்கு மட்டும் முதலில் விட்டுக்கொண்டே இருந்தால் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். சாமியார் இல்லாத கோயிலிலும் அது நடக்கும். சாமியார் கொடுமைக்காரராக இருந்தால் ஐந்து வருடத்தில் மாற்றல் வரும். ஊரே நடத்துகிற கோயிலில் ஊரில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் அப்படியே உள்ளே வந்துவிடும், மாற்றல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாசகர் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு பெயர். பன்னிரண்டும் ஒரே தெரு. காலனியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. கேட்டதற்கு, "அவங்க புள்ளைங்களுக்குக் கூச்சம் சாமி, படிக்க வராதுங்க" என்று பதில் வந்தது. காலனிக்குப் போனேன். ஒரு அம்மா அடுப்பு ஊதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க புள்ள காலேஜு ரெண்டாவது வருசம். அதுக்குப் படிக்க வராதுன்னு யாரு சாமி சொன்னது?"

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள், ஒரு சாதி ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம் உட்கார நடுவில் தடுப்பு வைத்து. அந்தத் தடுப்பை இடிக்க 1910 வரை ஆயிற்று. அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்டன் என்ற அரண்மனை ஊழியர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். குரு இல்லை, துறவி இல்லை. மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். தாழ்த்தப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகுகிறார் என்பதும் அவர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் ஆனார். அவருக்கு நாம் சுரூபம் வாங்கி வைத்திருக்கிறோம், மாலையும் போடுகிறோம். ஞானஸ்நானம் கொடுத்த அதே ஊர்க் கோயிலில் சுவரும் எழுப்பினோம். இரண்டும் நாம்தான்.

இங்கே சுவர் இல்லை. பட்டியல் இருக்கிறது. சாவி இருக்கிறது. சாவி எந்தத் தெருவில் இருக்கிறது, கோயிலைத் திறக்கச் சொல்லி யார் போய்க் கேட்க முடியும், யார் வாசலில் நின்று கூப்பிட வேண்டும் என்பதில் அந்தச் சுவர் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் காலனியில் ஒரு சாவு விழுந்து, மாதா முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று ஒருவர் வந்தால் அந்தச் சாவி கிடைக்குமா? கிடைக்கும் என்று பெரியவர்கள் தலையாட்டுகிறீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையாட்டவில்லை. நான் இங்கிருந்து இரண்டு பக்கத்தையும் பார்க்கிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஞாயிறு வழிபாடு போதும், பூசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்க்கால் வாரிவிட்டால் தண்ணீரே தேவையில்லை என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். நற்கருணை இல்லாத ஞாயிறு பசியோடு போகிற ஞாயிறுதான். அந்தப் பசி உங்களுக்கு இருக்க வேண்டும், எனக்கும் இருக்க வேண்டும். 2020-இல் ஊரடங்கின்போது புனித வாரம் முழுக்கக் கோயில் பூட்டிக் கிடந்தது. ஏப்ரல் 12 உயிர்ப்பு ஞாயிறு. காலி பெஞ்சுகளைப் பார்த்து நான் தனியாகப் பூசை வைத்தேன். நற்கருணை என் கையில் இருந்தது, நீங்கள் இல்லை. உங்கள் பசியைப்போல இந்தப் பக்கமும் ஒரு பசி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு கேள்விப்பட்டேன், கடைமடை ஊர்களில் வீட்டுக்கு வீடு விளக்கு வைத்துச் செபம் நடந்தது என்று. பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு டிவியில் பூசை பார்க்கத்தான் தெரிந்தது. உங்களுக்கு நடத்தத் தெரிந்தது. பழக்கம்.

2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிட்டார். அந்த மே மாதம் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஆக்கினார். உரோமையில் அது செய்தி. டார்ச் வெளிச்சத்தில் வாசித்த பெண்ணுக்கு அது செய்தி இல்லை. நூல் கட்டிய கண்ணாடிக்காரருக்கும் இல்லை. ஆனால் ஆயருடைய கையால் அந்தப் பணியைப் பெறுகிற முதல் பட்டியல் இந்தப் பங்கிலிருந்து போகும்போது, அதில் இந்த ஊர் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதில் காலனி அம்மாவின் மகளும் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் போன வாரம் பேசினேன். "மைக் இருந்தா பயம், இல்லாட்டி வாசிப்பேன்" என்றாள். நம் மைக் செட் எப்போது ஒழுங்காக வேலை செய்தது, பயப்படாதே என்றேன்.

பவுல் பிலிப்பியில் சில நாள்தான் இருந்தார். அடித்தார்கள், சிறையில் போட்டார்கள், விடுதலையானதும் லீதியா வீட்டுக்குப் போய்ச் சகோதரர்களைப் பார்த்துத் தைரியம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு அந்த வீட்டில் யார் வாசித்தார்கள், யார் மன்றாட்டுச் சொன்னார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தது என்று லூக்கா எழுதவில்லை. சண்டை வந்தது மட்டும் தெரியும்; எவோதியா, சிந்திக்கி என்று இரண்டு பெண்களை ஒத்துப்போகச் சொல்லிப் பவுலே பின்னாளில் கடிதத்தில் கெஞ்சுகிறார். அதே கடிதத்தில் நன்றியும் சொல்கிறார். அவர் சிறைப்பட்டுக் கிடந்தபோது பணமும் ஆளும் அனுப்பிய சபை அந்தச் சபைதான். போய்விட்ட சாமியாரை அவர்கள் காப்பாற்றினார்கள்.

போன வருடம் எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியும் பிரண்டைத் துவையலும் நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தது. யார் அனுப்பியது என்று கொண்டுவந்த பையன் சொல்லவில்லை, "ஊர்லேர்ந்து" என்றான். தூக்குச்சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பூசை முடிந்து யாருடையதோ வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியில் இருக்கிறது.

அடுத்த முதல் வெள்ளி செப்டம்பரில் வருகிறது, அது வேளாங்கண்ணித் திருநாள் நேரம். கொடியேறியதும் நடைப்பயணக் கூட்டம் நம் சாலை வழியாகவே போகும். எனக்கு அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்கிற முறை போட்டிருக்கிறார்கள். அதனால் இனி நான் இங்கே வர அக்டோபர் ஆகும். நடுவில் எட்டு ஞாயிறு. உபதேசியாருக்குக் கண் ஆபரேஷன் வேறு இருக்கிறது, இரண்டு வாரம் அவர் புத்தகத்தைத் தொடக்கூடாது.

ஆக, வருகிற ஞாயிறு முதல் வாசகம் யார்? கையைத் தூக்குங்கள். பின்னாலிருந்தும் தூக்கலாம். சாவி இந்த வாரம் யார் வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் யார் வீட்டுக்குப் போகிறது என்று அறிக்கை வாசிக்கும்போது சொல்லிவிடுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுந்து நிற்போம். விசுவாச மந்திரத்தை இன்று அந்தக் கடைசி வரிசை தொடங்கட்டும்.